செசிலியா கொன்சாகாவின் வெண்கலப் பதக்கம்

பண்டை வரலாற்றை ஆராயப் புகுவோர்க்குச் சாசனங்களும் நாணயங்களும் பெரிதும் துணைபுரிவன. அவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க மற்றொரு சான்று, ஐரோப்பாவிற் பதினைந்தாம் நூற்றாண்டிலே தோன்றிய உருவப் பதக்கமாகும். உள்ளங்கையை நிறைக்கும் இவ்வெண்கல வட்டத்தின் ஒரு புறத்திலே ஒருவரின் முகமும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். மறுபுறத்திலே அவர்தம் குணத்தையோ கொள்கையையோ உணர்த்தும் உருவகக் காட்சி அமைந்திருக்கும். இத்தகைய பதக்கம் ஒன்றைக் காணுமிடத்து, செய்தவர் யார், செய்யப்பட்ட காரணம் யாது, அது யார் கையில் இருந்து வந்தது என்னும் மூன்று வினாக்கள் எழுதல் இயல்பு. முதலிரு வினாக்களையும் வரலாற்றுக்குரியன என்று கொள்வோர், மூன்றாவதனை வணிகர்க்குரிய செய்தி என்று ஒதுக்கிவிடுதல் உண்டு. அவ்வாறு ஒதுக்குதல் பொருந்தாது. ஒரு பொருள் கைமாறிய வரலாறு அப்பொருளின் பொருளையே விளக்க வல்லது. 1447ஆம் ஆண்டினைத் தன்மீது தாங்கி நிற்கும் செசிலியா கொன்சாகாவின் பதக்கம் இவ்வுண்மைக்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

நாணயமும் பதக்கமும்

நாணயம் அரசாணையால் அச்சிட்டு அடிக்கப்படுவது, குறித்த நிறையும் பெறுமதியும் உடையது, சந்தையிற் செல்வது. பதக்கமோ எப்பொருளையும் விலைகொடுத்து வாங்க உதவாது. அது நண்பர்க்கும் உறவினர்க்கும் அயல்நாட்டு மன்னர்க்கும் நன்கொடையாக வழங்கப்பட்டது. மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலியச் செல்வரும் அறிஞரும் பண்டை உரோமப் பேரரசரின் நாணயங்களைத் தேடித் திரட்டி வந்தனர். பேரரசு அழிந்து ஆயிரம் ஆண்டு ஆகியும் சீசர்களின் முகங்கள் அச்சிறு நாணயங்களில் அழியாதிருந்தமை அவர்தம் உள்ளத்தைக் கவர்ந்தது. தம் முகமும் அவ்வாறே நின்று நிலைக்க வேண்டும் என்னும் வேட்கையே உருவப் பதக்கம் தோன்றுதற்குக் காரணமாயிற்று.

இக்கலையின் தந்தை என்று போற்றப்படுபவர் பிசனெல்லோ என்னும் ஓவியர். இவர் ஏறத்தாழ 1395 முதல் 1455 வரை வாழ்ந்தவர். வெரோனா, மாந்துவா, பெராரா, நேப்பிள்ஸ் முதலிய நகரங்களின் அரசவைகளிற் பணிபுரிந்தவர். கிழக்கு உரோமப் பேரரசர் எட்டாம் யோவான், துருக்கியர் முற்றுகையினின்றும் தம் தலைநகரைக் காத்தற்கு மேற்குலகின் உதவியை நாடி 1438ஆம் ஆண்டிற் பெராரா நகரில் நிகழ்ந்த திருச்சபைப் பேரவைக்கு வந்தார். அப்பேரரசரின் உருவத்தை அமைத்துப் பிசனெல்லோ செய்த பதக்கமே மறுமலர்ச்சிக் கால உருவப் பதக்கங்களுள் முதலாவது என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலாரின் துணிபு.

பதக்கம் செய்யும் முறை நாணயம் அடிக்கும் முறையினின்றும் வேறுபட்டது. கலைஞர் வட்டமான பலகையொன்றின்மேல் மெழுகினால் உருவத்தை வனைந்து, அதனினின்றும் அச்சு எடுத்து, அவ்வச்சில் உருக்கிய வெண்கலத்தையோ ஈயத்தையோ வார்ப்பார். எனவே ஒரே உருவிலிருந்து பல பதக்கங்களைப் பெறல் கூடும். முதல் வார்ப்பிலே தெளிவாக நின்ற மயிரிழையும் எழுத்தின் கூர்மையும், பதக்கத்தையே அச்சாகக் கொண்டு பிற்காலத்தார் வார்த்த படிகளிலே மழுங்கிப் போகும். மேலும், உலோகம் ஆறும்பொழுது சிறிது சுருங்குதலின், பிற்காலப் படி மூலத்திலும் விட்டத்தாற் சிறியதாயிருக்கும். பதக்கவியலார் ஒவ்வொரு பதக்கத்தின் விட்டத்தையும் மில்லிமீற்றரில் அளந்து குறித்தல் இக்காரணம் பற்றியேயாம்.

மாந்துவாவின் பள்ளி

செசிலியா அம்மையார் 1426ஆம் ஆண்டில் மாந்துவா நகரை ஆண்ட கொன்சாகா குடியிற் பிறந்தார். தந்தையார் ஜான்பிரான்செஸ்கோ போர்த்தொழிலிற் புகழ் பெற்றவர். 1433ஆம் ஆண்டிற் பேரரசர் சிகிஸ்மண்டிடமிருந்து மார்க்கி என்னும் பட்டத்தை அக்குடியில் முதன்முதலாகப் பெற்றவர். தாயார் பவோலா மலதெஸ்தா சமயப்பற்று மிக்கவர்.

ஜான்பிரான்செஸ்கோ செய்த செயல்களுள் இன்றும் நினைக்கப்படுவது யாதெனில், 1423ஆம் ஆண்டில் வித்தோரினோ டா பெல்த்ரே என்னும் ஆசிரியரைத் தம் மக்களுக்குக் கல்வி புகட்டுமாறு வரவழைத்தமையாகும். வித்தோரினோ அரண்மனையை அடுத்த இல்லமொன்றிற் பள்ளியை அமைத்தார். மகிழ்ச்சி இல்லம் என்னும் பொருள்பட வழங்கிய அவ்விடத்தில் இலத்தீனும் கிரேக்கமும், கணிதமும் இசையும், குதிரையேற்றமும் நீச்சலும் ஒருங்கே பயிற்றப்பட்டன. அரசிளங்குமரரோடு ஏழை மாணவரும் ஒரே கூரையின் கீழ் இருந்து கற்றனர். ஏழைகளிடம் ஆசிரியர் ஊதியம் பெறவில்லை. உர்பீனோ நகரின் புகழ்பெற்ற தலைவரான பெதரிக்கோ டா மொன்தபெல்த்ரோவும் அப்பள்ளியின் மாணவரே. பிள்ளைகளின் இயல்பறிந்து கற்பித்தலும், உடற்பயிற்சியைக் கல்வியின் கூறாகக் கொள்ளுதலும் இவ்வாசிரியரின் கொள்கைகளாம்.

பெண்மக்களுக்குக் கிரேக்கம் கற்பித்தல் அக்காலத்தில் அருகிய வழக்கு. வித்தோரினோவோ செசிலியாவுக்கும் அவர்தம் உடன்பிறந்தார்க்குக் கற்பித்த பாடங்களையே கற்பித்தார். 1433ஆம் ஆண்டளவில் மாந்துவாவுக்கு வந்த துறவியும் கிரேக்க அறிஞருமாகிய அம்புரோஜியோ திராவெர்சாரி, சிறுமியாகிய செசிலியா கிரேக்க மொழியை அழகுற எழுதியதைக் கண்டு வியந்து தம் கடிதமொன்றிற் குறித்துள்ளார். நன்கு கற்ற பெண்மணி என்னும் பெயர் இவ்வாறு இளமையிலேயே செசிலியாவுக்கு உண்டாயிற்று.

தந்தையும் மகளும்

அரச குடியிற் பிறந்த பெண்ணின் திருமணம் அக்காலத்தில் அவளுடைய விருப்பத்தைப் பற்றியதன்று. இரு நகரங்களின் உடன்படிக்கையைப் பற்றியது. ஜான்பிரான்செஸ்கோ தம் மகளை உர்பீனோவின் இளந்தலைவராகிய ஒட்டான்டோனியோ டா மொன்தபெல்த்ரோவுக்கு மணஞ்செய்து கொடுக்க விரும்பினார். செசிலியாவோ துறவு வாழ்க்கையை நாடினார். கன்னியர் மடம் புக வேண்டும் என்ற அவருடைய விருப்பத்தைத் தந்தையார் தடுத்தார். மகள் இணங்கவில்லை. ஆசிரியர் வித்தோரினோ தம் மாணவியின் பக்கம் நின்று பேசினார் என்று அவர்தம் வரலாற்றை எழுதியோர் கூறுவர். தம்மை ஆதரித்த தலைவரின் விருப்பத்துக்கு மாறாக ஓர் ஆசிரியர் மாணவியின் மனச்சான்றுக்குத் துணைநின்றமை சிறு செயலன்று. அப்பள்ளியின் பழைய மாணவராகிய கிரெகோரியோ கொரெர் 1443ஆம் ஆண்டிற் செசிலியாவுக்கு நீண்டதொரு கடிதம் எழுதி, உலக வாழ்வைத் துறக்கும் உறுதியினின்றும் பிறழாதிருக்குமாறு ஊக்கினார். பழைய உரோமக் கவிகளை விடுத்துத் திருநூல்களையே கற்குமாறும் அக்கடிதம் அறிவுறுத்துகின்றது.

1444ஆம் ஆண்டு இவ்வழக்கை முடித்து வைத்தது. அவ்வாண்டு யூலை மாதத்தில் ஒட்டான்டோனியோ உர்பீனோவிற் கொலையுண்டார். செப்டெம்பரில் ஜான்பிரான்செஸ்கோவும் இறந்தார். 1445ஆம் ஆண்டின் தொடக்கத்திற் செசிலியா தம் தாயாருடன் மாந்துவாவிலுள்ள கிளாரா சபைக் கன்னியர் மடத்தை அடைந்தார். 1446இல் ஆசிரியர் வித்தோரினோவும் மறைந்தார். தம்மிடம் வந்ததையெல்லாம் மாணவர்க்கும் வறியோர்க்கும் வழங்கிய அவர் பொருளொன்றும் விட்டுச் சென்றிலர். செசிலியா 1451ஆம் ஆண்டில், இருபத்தைந்தாவது வயதளவில், மடத்திலேயே உயிர்நீத்தார்.

பதக்கத்தின் இரு புறங்கள்

பதக்கம் 1447ஆம் ஆண்டைக் காட்டுகின்றது. அப்பொழுது செசிலியா மடம் புகுந்து ஈராண்டு கடந்துவிட்டது. மாந்துவாவின் ஆட்சி அவருடைய தமையனாராகிய லுடோவிக்கோவின் கையில் இருந்தது. பிசனெல்லோ அக்குடியினர் பலருக்கும் பதக்கங்கள் செய்தார். இறந்துபோன ஜான்பிரான்செஸ்கோவும் அவற்றுள் இடம்பெற்றார். பிசனெல்லோ செய்தனவாக அறியப்படும் பதக்கங்களுள் ஒரு பெண்ணின் உருவத்தைத் தாங்கியது செசிலியாவின் பதக்கம் ஒன்றேயாம். அதன் விட்டம் ஏறத்தாழ 87 மில்லிமீற்றர்.

முன்புறத்திலே செசிலியாவின் உருவம் இடப்பக்கம் நோக்கியவாறு அமைந்துள்ளது. கூந்தல் உயர்த்திக் கட்டப்பட்டிருக்கின்றது. நெற்றி அகன்று விளங்குகின்றது. ஆடை அரசமகளின் ஆடை. துறவியின் முக்காடும் அங்கியும் அங்கில்லை. சூழ எழுதப்பட்ட இலத்தீன் வாசகம், மாந்துவாவின் முதல் மார்க்கியாகிய ஜான்பிரான்செஸ்கோவின் மகள், கன்னி செசிலியா என்று பொருள்படும். மடத்துப் பெயரோ மடத்துப் பட்டமோ அதிற் காணப்படவில்லை. தந்தையின் விருப்பத்தை மறுத்து நின்ற மகள், தந்தை இறந்து மூன்றாண்டுகளின் பின்னும், அவருடைய பட்டத்தாலும் பெயராலுமே உலகிற்கு அறிவிக்கப்படுகின்றார்.

பின்புறத்தில் வேறொரு காட்சி. கற்பாறைகள் நிறைந்த நிலத்தில் இளம்பெண் ஒருத்தி அமர்ந்திருக்கின்றாள். ஆட்டின் உடலும் நீண்ட மயிரும் உடைய ஒற்றைக்கொம்பு விலங்கு அவளருகே அடங்கிப் படுத்திருக்கின்றது. அவள் கை அதன்மேற் படிந்திருக்கின்றது. வானிலே பிறைமதி. ஒரு பக்கத்தில் நாட்டப்பட்ட கல்லில், ஓவியர் பிசானோவின் படைப்பு என்னும் வாசகமும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. வேடர் எவர்க்கும் பிடிபடாத அவ்விலங்கு கன்னி ஒருத்திக்கே வசமாகும் என்பது இடைக்கால ஐரோப்பியரின் நம்பிக்கை. பிறைமதி உரோமர் போற்றிய கன்னித் தெய்வமாகிய டயனாவின் அடையாளம். ஒற்றைக்கொம்பு விலங்கு கிறித்துவையும் குறிக்கும். சிலர் அதனை அறிவின் சின்னமென்றும் கொள்வர்.

இரு புறங்களையும் ஒருங்கு வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. முன்புறம் குடும்பத்தின் உரிமையைக் கூறுகின்றது. பின்புறம் அப்பெண் தானே தேர்ந்துகொண்ட நெறியைக் கூறுகின்றது. மகளின் உறுதியைத் தடுக்கவியலாத குடும்பம், அவ்வுறுதியையே தன் பெருமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது போலும். செசிலியா தாமே இப்பதக்கத்தைச் செய்விக்கவில்லை. உடைமை யாதும் கொள்ளலாகாது என்னும் விரதம் பூண்டோர் அதனைச் செய்வித்தல் இயலாது. அவர் துறந்த உலகமே அவர்தம் உருவத்தை வார்த்துத் தன்னிடம் வைத்துக்கொண்டது.

சிதைவும் காப்பும்

பதக்கங்களை முதலிற் பெற்றோர் கொன்சாகா குடியினரும் அவர்தம் நண்பரும் ஆவர். அவை அரண்மனைகளின் சிற்றறைகளிலே நூல்களோடும் பழைய நாணயங்களோடும் ஒருங்கு வைக்கப்பட்டன. பின்னர் அவற்றைப் பதக்கம் என்னும் பொருட்டாலேயே திரட்டுவோர் தோன்றினர். 1551ஆம் ஆண்டில் வரலாற்றாசிரியர் பவோலோ ஜோவியோ, புளோரன்சின் தலைவராகிய முதலாம் கோசிமோவுக்கு எழுதிய கடிதத்திலே பிசனெல்லோவின் பதக்கங்கள் பலவற்றை விவரித்தார். வசாரி தம் கலைஞர் வரலாற்றின் 1568ஆம் ஆண்டுப் பதிப்பில் அக்கடிதத்தைச் சேர்த்துக் கொண்டார். பேரரசர் யோவானின் பதக்கத்தைப் பற்றி ஜோவியோ கூறுமிடத்து, அதன் பின்புறத்தில் இரு கைகள் தாங்கிய சிலுவை இருந்ததாக எழுதியுள்ளார். இன்று கிடைக்கும் பதக்கங்களிலோ குதிரைமேல் அமர்ந்த பேரரசர் வழியோரச் சிலுவையை வணங்கும் காட்சியே உள்ளது. பொருள் மறைந்தவிடத்தும் அதனை உடையோர் எழுதிய குறிப்பு சான்றாக எஞ்சுதல் கூடும் என்பதற்கு இதுவொரு நல்ல உதாரணமாகும்.

கொன்சாகா குடியின் செல்வம் நெடுநாள் ஒருங்கே இருக்கவில்லை. 1627, 1628ஆம் ஆண்டுகளிலே அக்குடியின் புகழ்பெற்ற ஓவியங்களும் சிலைகளும் பெருவாரியாக இங்கிலாந்து மன்னர் முதலாம் சாள்சுக்கு விற்கப்பட்டன. 1630இற் பேரரசின் படைகள் மாந்துவாவைக் கைப்பற்றிக் கொள்ளையிட்டன. சாள்ஸ் மன்னர் 1649இல் தலை வெட்டுண்டபின் அவர் திரட்டிய செல்வமும் விற்பனைக்கு வந்தது. ஒரு குடியின் கருவூலம் இரு தலைமுறைக்குள் பல நாடுகளிற் சிதறுண்டது.

செசிலியாவின் உருவம் இச்சிதைவிலே அழியாமைக்கு இரு காரணங்கள் உண்டு. முதலாவது, அது ஒன்றாக இல்லாது பலவாக வார்க்கப்பட்டமை. ஓர் அரண்மனை கொள்ளை போயினும் வேறு நகரங்களுக்குச் சென்ற படிகள் தப்பின. இரண்டாவது, அது வெண்கலமாக இருந்தமை. பொன்னாற் செய்த பதக்கம் பணமுடை வந்த காலத்தில் உலைக்குள் செல்லும். பிரான்சு நாட்டின் பெரி கோமகன் பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைத்திருந்த கொன்ஸ்தந்தைன், ஹெராக்கிளியஸ் என்னும் பேரரசரின் பொற்பதக்கங்கள் மறைந்தன. அவற்றைப் பார்த்து வார்த்த வெண்கலப் படிகளே எஞ்சின. விலை குறைந்த உலோகமே நெடுங்கால வாழ்வைப் பெற்றது.

பாரிசிலிருந்து வொசிங்டன் வரை

செசிலியா பதக்கத்தின் வார்ப்புகள் இலண்டன், பாரிஸ், பேர்லின் முதலிய நகரங்களின் நூதனசாலைகளில் உள. அமெரிக்கத் தலைநகராகிய வொசிங்டனின் தேசியக் கலைக்கூடத்தில் உள்ள வார்ப்பினை இங்கு தனியே எடுத்து நோக்குதல் தகும். அதன் பிற்கால உரிமை வரலாறு தெளிவாக எழுதப்பட்டிருத்தலே காரணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இப்பதக்கங்களின்மீது புதிய ஆர்வம் எழுந்தது. ஜெர்மனியின் பெருங்கவிஞர் கேத்தே தம் இல்லத்தில் மறுமலர்ச்சிக் காலப் பதக்கங்களைத் திரட்டி வைத்தார். பின்னர் பிரான்சிலே கட்டடக் கலைஞர் அல்பிரட் ஆர்மண்ட், ஜெர்மனியிலே யூலியஸ் பிரீட்லாந்தர் ஆகியோர் 1880ஆம் ஆண்டை ஒட்டி இத்தாலியப் பதக்கங்களை வகைப்படுத்தும் நூல்களை வெளியிட்டனர். அதுகாறும் விளையாட்டாகத் திரட்டப்பட்ட பொருள் ஆராய்ச்சிக்குரிய பொருளாயிற்று.

இக்காலத்திற் பாரிசில் வாழ்ந்தவர் குஸ்தாவ் டிரேபஸ். 1837இற் பிறந்த இவர், இத்தாலிய மறுமலர்ச்சிக் கலைப்பொருள்களைத் திரட்டிய ஓவியர் சாள்ஸ் திம்பாலின் சேர்க்கையை 1872ஆம் ஆண்டளவில் விலைக்குப் பெற்றார். பிரான்சு போரில் தோற்று, பாரிஸ் நகரம் உள்நாட்டுக் கலகத்தால் எரிந்த காலத்தை அடுத்து நிகழ்ந்த கைமாற்றம் அது. அதனை அடிப்படையாகக் கொண்டு டிரேபஸ் தம் வாழ்நாள் முழுவதும் பதக்கங்களையும் சிறு வெண்கலச் சிலைகளையும் தேர்ந்து தேர்ந்து சேர்த்தார். தெளிவான முதல் வார்ப்புகளையே அவர் நாடினார். செசிலியா பதக்கமும் அவருடைய பேழையில் இடம்பெற்றது. டிரேபஸ் 1914ஆம் ஆண்டில் இறந்தபின் சேர்க்கை அவருடைய மனைவி மக்கள் வசம் நின்றது.

1930ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அக்குடும்பத்தினர் முழுச் சேர்க்கையையும் டுவீன் சகோதரர் என்னும் கலைப்பொருள் வணிக நிறுவனத்திற்கு விற்றனர். உலகெங்கும் பொருளாதார வீழ்ச்சி பரவிய காலம் அது. அந்நிறுவனத்தின் தலைவர் யோசப் டுவீன் ஐரோப்பியச் செல்வரின் பொருள்களை அமெரிக்கச் செல்வருக்கு விற்பதில் நிகரற்றவர். வணிகராயினும் அவர் செய்த காரியமொன்று ஆராய்ச்சிக்குப் பெரும்பயன் விளைத்தது. சேர்க்கை சிதறுமுன் அதனை அறிஞரைக் கொண்டு அட்டவணைப்படுத்தினார். பதக்கங்களைப் பற்றிய நூலை எழுதியவர் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த ஜோர்ஜ் பிரான்சிஸ் ஹில் ஆவர். அது 1931இல் வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே ஹில், பதினைந்தாம் நூற்றாண்டு முதலாகச் செல்லினியின் காலம் வரையுள்ள இத்தாலியப் பதக்கங்கள் அனைத்தையும் தொகுத்த பெருநூலை இரு பாகங்களாக வெளியிட்டிருந்தார். அத்தொகுப்பிற் செசிலியாவின் பதக்கம் 37ஆம் எண்ணைப் பெற்றது. அடுத்த 38ஆம் எண் ஆசிரியர் வித்தோரினோவின் பதக்கத்துக்கு உரியது.

டிரேபஸ் சேர்க்கையின் பெருஞ்சிலைகளும் ஓவியங்களும் பல கைகளுக்குப் பிரிந்தன. சிற்பங்கள் சிலவற்றைச் செல்வர் அந்திரூ மெலன் வாங்கினார். இவரே வொசிங்டனிலே தேசியக் கலைக்கூடத்தை நிறுவுதற்கு முதற் பொருளுதவி செய்தவர். அது 1941ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே திறக்கப்பட்டது. சிறு வெண்கலச் சிலைகள், தகட்டுச் சிற்பங்கள், பதக்கங்கள் ஆகிய ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருள்கள் மட்டும் பிரியாது ஒன்றாக நின்றன. 1940களின் நடுப்பகுதியில் அவற்றைச் சாமுவேல் கிரெஸ் நிறுவிய அறநிலையம் வாங்கியது. கிரெஸ், சிறு விலைப் பொருள்கள் விற்கும் கடைகளை அமெரிக்க நகரங்கள் பலவற்றில் நடத்திப் பெருஞ்செல்வம் ஈட்டியவர், 1955இல் மறைந்தார். 1957ஆம் ஆண்டில் அவ்வறநிலையம் இவ்வெண்கலப் பொருள்களைத் தேசியக் கலைக்கூடத்திற்கு நன்கொடையாக அளித்தது. 1967இற் கிரகாம் பொலார்ட் என்னும் அறிஞர் ஹில்லின் அட்டவணையைத் திருத்தி விரித்து வெளியிட்டார். 2007இல் அவருடைய இன்னும் விரிந்த அட்டவணை இரு பாகங்களாக வெளிவந்தது.

உரிமை வரலாற்றின் பயன்

இங்ஙனம் டிரேபஸ், டுவீன், கிரெஸ், கலைக்கூடம் என்று நிரல்படக் கூறத்தக்க உரிமை வரலாறு மூவகையாற் பயன்படுகின்றது.

முதலாவது, மூலமும் படியும் வேறுபிரித்தற்கு அது உதவுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பதக்கங்களுக்கு விலை ஏறியபொழுது பிற்கால வார்ப்புகளும் போலிகளும் பெருகின. ஒரு பதக்கம் இன்ன ஆண்டில் இன்னார் அட்டவணையில் இன்ன விட்டத்தோடு குறிக்கப்பட்டுள்ளது என்று காட்டக்கூடுமாயின், ஐயத்திற்கு இடம் குறைகின்றது. விட்டமும் வார்ப்பின் கூர்மையும் உரிமை வரலாறும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தும்.

இரண்டாவது, நீதியின்பாற்பட்டது. டிரேபஸ் குடும்பத்தினர் யூதர். அவர்தம் சேர்க்கை விற்கப்பட்டுப் பத்தாண்டுகளின் பின், 1940இல், ஜெர்மானியப் படைகள் பாரிசைக் கைப்பற்றின. ரொத்சைல்ட், டேவிட்-வெயில் முதலிய யூதக் குடும்பங்களின் கலைச்செல்வங்கள் பறிக்கப்பட்டன. உரியோர் பலர் உயிரையும் இழந்தனர். அப்பொருள்களுட் சில நேர்மையற்ற கைகள் வழியாக நூதனசாலைகளை அடைந்தன. 1998ஆம் ஆண்டு டிசெம்பரில் வொசிங்டனில் நடைபெற்ற மாநாட்டிலே 44 அரசாங்கங்கள் கூடி, நாசியர் பறித்த கலைப்பொருள்களை இனங்கண்டு உரியோர்க்கு நீதியான தீர்வு காணுதற்கு உரிய கொள்கைகளை ஏற்றுக்கொண்டன. அன்றுதொட்டு 1933 முதல் 1945 வரை ஒரு பொருள் யார் கையில் இருந்தது என்னும் வினா நூதனசாலைகளின் முதற் கடமைகளுள் ஒன்றாயிற்று. டிரேபஸ் சேர்க்கை 1930இலேயே விலைக்கு மாறியது என்னும் குறிப்பு, இவ்வாறு நோக்குமிடத்து, வெறும் வணிகக் கணக்கு அன்று. அப்பொருள்மீது பழி இல்லை என்பதற்குச் சான்றாகும்.

மூன்றாவது, ஒரு பொருளை உடையோர் அதனில் எதனைக் கண்டனர் என்பதை அது காட்டுகின்றது. கொன்சாகா குடியினர் இப்பதக்கத்திலே தம் குலப்பெருமையைக் கண்டனர். டிரேபஸ் அதிற் கலைஞரின் கைத்திறனைக் கண்டார். டுவீன் அதன் விலையைக் கண்டார். ஹில்லும் பொலார்ட்டும் அதிற் சான்றினைக் கண்டனர். கிரெஸ் அறநிலையம் அதனை ஒரு நாட்டு மக்கள் எல்லார்க்கும் உரிய கொடையாக்கியது. கட்டணம் யாதுமின்றி எவரும் புகக்கூடிய கலைக்கூடத்திலே அது இன்று உள்ளது.

இக்கைமாற்றங்களுள் ஒன்றேனும் செசிலியாவின் விருப்பத்தைக் கேட்டு நிகழ்ந்ததன்று. தந்தையின் கையிலிருந்து கணவனின் கைக்கு ஓர் உடன்படிக்கைப் பொருளாகச் செல்ல மறுத்த பெண்ணின் உருவம், ஐந்நூறு ஆண்டுகளாகக் கை மாறி வந்தது. ஆயினும் உடையோர் எவராலும் பின்புறத்துக் காட்சியை மாற்றிவிட இயலவில்லை. எவர்க்கும் வசப்படாத விலங்கை அடக்கிப் பிறையின் கீழ் அமர்ந்திருக்கும் அக்கன்னியைக் காணுந்தோறும், முன்புறத்துப் பெயரைவிடப் பின்புறத்து உறுதியே அவர்தம் உண்மை வரலாறு என்பது விளங்கும்.

கல்வித்துறையினர் கருத்திற் கொள்ளத்தக்க செய்தி இன்னுமொன்று உண்டு. அதே கலைக்கூடத்திலே, அதே கிரெஸ் கொடையிலே, பிசனெல்லோ செய்த வித்தோரினோவின் பதக்கமும் இருக்கின்றது. அதன் பின்புறத்தில், தன் மார்பைக் கிழித்துக் குருதியால் குஞ்சுகளை ஊட்டும் கூழைக்கடாப் பறவை பொறிக்கப்பட்டுள்ளது. சுற்றியுள்ள வாசகம் அவரைச் சிறந்த கணித அறிஞர் என்றும் மானிடக் கல்வி அனைத்துக்கும் தந்தை என்றும் போற்றுகின்றது. பட்டமோ படையோ இல்லாத ஆசிரியர் ஒருவருக்கு மன்னர்க்குச் செய்வது போன்ற பதக்கம் செய்யப்பட்டமை அக்காலத்து மாந்துவாவின் மதிப்பீட்டைக் காட்டும். மாந்துவாவின் அரண்மனைச் செல்வம் பல நாடுகளிற் சிதறியது. அக்குடியின் ஆட்சியும் 1708ஆம் ஆண்டோடு ஒழிந்தது. ஆசிரியரின் பதக்கமும் மாணவியின் பதக்கமும் கடல் கடந்து சென்றும் ஒரு கூரையின் கீழ் ஒருங்கே நிற்கின்றன.